மூன்றாம் நாள் மண்வெட்டி: கிளிமஞ்சாரோ சரிவில் ஒரு வீட்டுத் தங்கல் பற்றிய மதிப்புரை

தான்சானியா நாட்டில் கிளிமஞ்சாரோ மலையின் தென்கிழக்குச் சரிவில் மராங்கு என்ற பகுதி இருக்கிறது. அவ்வழியே மலையேற வருபவர்களில் பெரும்பாலோர் அங்குள்ள தேசியப் பூங்கா வாயிலில் பெயரைப் பதிந்துகொண்டு நேராகச் சிகரத்தை நோக்கிப் போய்விடுகிறார்கள். அதே பகுதியின் சிற்றூர்களில், விவசாயக் குடும்பங்களின் வீட்டிலேயே தங்கி, அவர்கள் உண்பதை உண்டு, அவர்கள் செய்யும் வேலையில் பங்குகொண்டு திரும்பும் ஏற்பாடும் உண்டு. என் தம்பி அந்நாட்டின் தார் எஸ் சலாம் நகரில் பணிபுரிவதால் அவனைப் பார்க்கப் போன அம்மாவும் நானும் அந்த ஏற்பாட்டின்படி ஒரு வீட்டில் தங்கினோம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டணத்தை அடுத்த எங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு, உறவினர்களும் அண்டை ஊர்க்காரர்களும் அங்கே என்ன கிடைக்கும், செலவுக்குத் தகுமா, நம் வயதான பெற்றோரை அழைத்துப் போகலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

இந்தத் தங்கல் முறை அந்நாட்டில் புதிதன்று. 1990களின் நடுவில், நெதர்லாந்தைச் சேர்ந்த எஸ்.என்.வி. என்ற வளர்ச்சி நிறுவனத்தின் துணையோடு, சுற்றுலாப் பணம் கிராம மக்களின் கைக்கே போய்ச் சேர வேண்டும் என்ற நோக்கத்தில் பண்பாட்டுச் சுற்றுலாத் திட்டம் ஒன்று அங்கே தொடங்கப்பட்டது. பின்னர் அது தான்சானியச் சுற்றுலா வாரியத்தின் கீழ் வந்தது. இன்று அத்தகைய கிராமக் குழுக்கள் வழியாகவும் பதிவு செய்யலாம். மோஷி நகரில் உள்ள தனியார் முகவர்கள் வழியாகவும் பதிவு செய்யலாம். நாங்கள் முகவர் வழியாகச் சென்றோம். இரண்டு இரவு, நான்கு இரவு என்று இரு வகைத் திட்டங்களை அவர் வைத்திருந்தார். அறை, மூன்று வேளை உணவு, மொழிபெயர்க்க ஒரு வழிகாட்டி, மோஷியிலிருந்து போய்வர வண்டி ஆகியவை கட்டணத்தில் அடங்கும். கிருஷ்ணகிரி நகரில் நல்ல விடுதி அறை ஒன்றுக்குக் கொடுக்கும் தொகையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு ஓர் இரவுக்கு ஆளொன்றுக்கு ஆயிற்று. உணவையும் வண்டியையும் சேர்த்துப் பார்த்தால் அது அதிகம் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்பதில்தான் எனக்குக் கடுமையான கருத்து உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

வீடு செங்கல் சுவரும் தகரக் கூரையும் கொண்டது. கூம்பு வடிவப் புல் குடிசைகளைப் படத்தில் பார்த்துவிட்டு வருபவர்கள் ஏமாற்றமடைய வேண்டாம். அந்தப் பழைய வகை வீட்டைக் காட்சிக்காக ஓரிரு இடங்களில் கட்டி வைத்திருக்கிறார்கள், அவற்றில் யாரும் குடியிருப்பதில்லை. எங்களுக்குக் கொடுத்த அறையில் இரண்டு கட்டில்கள், கொசுவலை, கனத்த போர்வைகள் இருந்தன. ஏற்காட்டின் உயரத்தை ஒத்த இடம் என்பதால் இரவில் நன்றாகக் குளிர்கிறது. போர்வை குறைவாக இருக்கும் என்ற கவலை எங்களுக்கு எழவே இல்லை. கழிப்பறை வீட்டுக்கு வெளியே, சிமெண்டுத் தளம் போட்டு, துப்புரவாக இருந்தது. குந்தி அமரும் வகை. முழங்கால் வலி உள்ளவர்கள் பதிவு செய்யும்போதே இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். குளிக்க வெந்நீர் வாளியில் வரும், அதுவும் விறகடுப்பில் காய்ச்சிய நீர். மின்சாரம் உண்டு, ஆனால் போய்ப் போய் வரும்.

வீட்டைச் சுற்றியுள்ள தோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் விவசாயம் தெரிந்த ஒருவருக்கு இந்தத் தங்கலின் மதிப்பில் பாதி அங்கேதான் இருக்கிறது. அந்தச் சரிவில் வாழும் சாக்கா மக்கள் வீட்டோடு ஒட்டிய நிலத்தைக் கிஹாம்பா என்கிறார்கள். மேலே உயர்ந்த நிழல் மரங்கள், அவற்றின் கீழே வாழை, வாழையின் நிழலில் காப்பி, காப்பிக்கு அடியில் சேம்பு, கிழங்கு, கீரை, அவரை என்று ஒரே துண்டு நிலத்தில் அடுக்கடுக்காகப் பயிர் நிற்கிறது. மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டுவதில்லை. கொட்டகையிலேயே கட்டி வைத்து, வெட்டிய புல்லையும் நறுக்கிய வாழைத்தண்டையும் போடுகிறார்கள். சாணம் முழுவதும் வாழைக்கும் காப்பிக்கும் போகிறது. புல்லோ பெரும்பாலும் மலையின் கீழ்ப்பகுதியிலிருந்து வர வேண்டும். காலையில் தலையில் புல்கட்டோடு மேடேறி வரும் பெண்களைச் சாலையெங்கும் காணலாம். நிலத்தின் எல்லையில் வேலியாக நிற்கும் செடியை முதலில் நான் கவனிக்கவில்லை. நம் ஊர் நர்சரிகளில் டிராசினா என்று தொட்டியில் வைத்து விற்கிறார்களே, அந்த இனம். அங்கே அதற்கு மசாலே என்று பெயர். ஒருவரோடு மனத்தாங்கல் ஏற்பட்டு மன்னிப்புக் கேட்கப் போகிறவர் அதன் இலையைக் கொண்டுபோய்க் கொடுப்பது மரபு; இலையோடு வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று வீட்டுப் பாட்டி சொன்னார். இறந்தவர்களையும் அந்தத் தோட்டத்திலேயே அடக்கம் செய்கிறார்கள். தார் எஸ் சலாம் போன்ற நகரங்களில் வேலை பார்க்கும் பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்குக் குடும்பம் குடும்பமாகத் தோட்டத்து வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி பேருந்துகளில் வரும் கூட்டத்தை அறிந்தவர்களுக்கு இதை மேலும் விளக்கத் தேவையில்லை.

விருந்தோம்பலுக்கு வருகிறேன். வாசலில் நின்று ‘ஹோடி’ என்று குரல் கொடுக்க வேண்டும், உள்ளிருந்து ‘கரிபு’ என்ற பதில் வந்த பிறகுதான் நுழைய வேண்டும். வீட்டுக் குழந்தைகள் வரிசையாக வந்து அம்மாவுக்கு ‘ஷிகமூ’ என்று வணக்கம் சொன்னார்கள். வயதில் பெரியவருக்கு இளையவர் சொல்லும் முகமன் அது. ‘மராஹபா’ என்று பதில் கூற வேண்டும் என்று வழிகாட்டி சொல்லிக் கொடுத்ததும், அம்மா ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாகச் சொன்னார். உடல் நலம், வீட்டு நலம், பயண நலம், பயிர் நலம் என்று விசாரிப்பு நீண்டுகொண்டே போயிற்று. அவசரப்பட்டு நேராகக் காரியத்துக்கு வருபவரை அங்கே மரியாதை தெரியாதவர் என்றே நினைப்பார்கள். எனவே முதல் மாலைப் பொழுதை வேறு எந்தத் திட்டமும் இல்லாமல் ஒதுக்கி வைப்பது நல்லது.

சாப்பிடும் முன் வீட்டின் இளைய பெண் ஒரு குவளை நீரும் ஒரு வட்டிலும் கொண்டுவந்து, ஒவ்வொருவர் கையிலும் நீர் ஊற்றுகிறாள். மூத்தவரிடமிருந்து தொடங்கி வரிசையாக வருகிறாள், உண்டு முடித்த பின் மறுபடியும் அப்படியே. வலக்கையால்தான் உண்ண வேண்டும் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

உணவின் தரத்துக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். அந்தச் சரிவின் அன்றாட உணவு சமைத்த வாழைக்காய். வாழைக்காயும் பயறும் சேர்த்து வேகவைத்து மசித்த கிபுரு என்ற உணவை நாங்கள் பலமுறை விரும்பிக் கேட்டு உண்டோம். உப்பும் வெங்காயமும் தவிர வேறு எதுவும் அதில் இல்லை, ஆனால் பயற்றின் இயல்பான சுவை முழுவதும் இருக்கிறது. வாழைக்காயை இறைச்சியோடு கரைய வேகவைக்கும் ம்டோரி என்ற சாறு அங்கே புகழ் பெற்றது. அதில் பொதுவாக மாட்டிறைச்சியே சேர்க்கப்படும் என்பதால், மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். நாங்கள் சொல்லியிருந்தோம், வீட்டார் அதை மறக்கவில்லை, எங்களுக்கு நாட்டுக்கோழி சமைத்தார்கள். காரம் கிடையாது. நம் நாக்குக்கு அது ஒரு குறையாகத் தோன்றலாம், ஆனால் அதற்காக ஊறுகாய்ப் புட்டியைச் சாப்பாட்டின் நடுவே எடுத்து வைப்பது சமைத்தவரின் முகத்தை வாடச் செய்யும். தேநீரில் இஞ்சி போட்டுப் பால் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். சப்பாத்தி, பிலாவ் ஆகியவை இந்தியப் பெருங்கடல் வணிகத்தோடு அங்கே போய் வேரூன்றிய உணவுகள். விருந்து நாளில் இவை தவறாமல் இடம்பெறும்.

உகாலி என்பது கொதிக்கும் நீரில் மாவைக் கொட்டி, மரத்துடுப்பால் கட்டிபடாமல் கிண்டி இறக்கும் உணவு. நம் களியேதான். இன்று அதைப் பெரும்பாலும் மக்காச்சோள மாவில் செய்கிறார்கள். மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் காலத்தில் வந்து பரவியது. அதற்கு முன்பு அந்த மேட்டுநிலங்களில் களிக்கும் கூழுக்கும் கேழ்வரகும் சோளமுமே பயன்பட்டன. அம்மா வழக்கப்படி உருண்டையைக் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்கியதை வீட்டார் வியப்போடு பார்த்தார்கள். அவர்கள் ஒரு சிறு கவளத்தைப் பிட்டு, உள்ளங்கையில் உருட்டி, கட்டைவிரலால் நடுவில் குழி செய்து, அந்தக் குழியில் கீரையை அள்ளி மென்று உண்கிறார்கள்.

எங்கள் தங்கலில் எல்லாவற்றையும்விட மனத்தில் பதிந்த இடம் சமையற்கட்டின் பின்புறத் திண்ணை. அங்கே ஒரு பாயில் சிவந்த தானியம் உலர்ந்துகொண்டிருந்தது. அம்மா குனிந்து ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து, ஊதிப் பார்த்தார். ஒவ்வொரு மணியிலும் வெள்ளை நூல் அளவுக்கு முளை விட்டுக் காய்ந்திருந்தது.

“பாப்பா, இது நம்ம ராகியேதான். முளைக்க வச்சுக் காயப் போட்டிருக்காங்க. குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சவா இவ்வளவு?” என்றார்.

குழந்தைக் கஞ்சிக்கு மட்டுமன்று. அங்கே உலேசி என்று அழைக்கப்படும் அந்தத் தானியம், ம்பெகே என்ற வாழைப்பழ மதுவுக்கும் உரியது. பழுத்த வாழையைப் பெரிய பானையில் நெடுநேரம் வேகவைத்துப் புளிக்க விடுகிறார்கள். பிறகு முளைகட்டிய கேழ்வரகு மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி அதனோடு கலக்கிறார்கள். ம்செசேவே என்ற மரத்தின் பட்டை கசப்புக்காகச் சேர்கிறது. திருமணம், இழவு, ஊர்ப்பேச்சு, பகை தீர்த்தல் என எந்த நிகழ்வும் ம்பெகே இல்லாமல் நடப்பதில்லை. சுரைக்குடுவையில் ஊற்றி அனைவரும் பகிர்ந்து குடிக்கிறார்கள். மது அருந்தாதவர்கள் தயங்காமல் மறுக்கலாம். எங்களுக்கு அதற்குப் பதிலாக உஜி என்ற ராகிக் கூழ் வந்தது. ஆடி மாதத்தில் நம் மாரியம்மன் கோயில்களில் ஊற்றும் கூழில் உள்ள மோரும் வெங்காயமும் அதில் இல்லை. சூடாக, சற்றுச் சர்க்கரை சேர்த்துத் தருகிறார்கள். அம்மா இரண்டாவது குவளையும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

கேழ்வரகின் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம். எத்தியோப்பியாவுக்கும் உகாண்டாவுக்கும் இடைப்பட்ட பகுதியில் முதலில் பயிராக்கப்பட்டு, சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இந்தியாவை அடைந்தது. இதைப் படித்துத் தெரிந்திருந்தேன். ஆனால் நாம் மானாவாரியில் விதைத்து, களத்தில் தாம்பு ஓட்டி, குதிரில் சேர்த்து வைக்கும் ஒரு தானியத்தின் பிறந்த வீட்டுப் பக்கம் அம்மா நின்று அதைக் கையில் தேய்த்துப் பார்த்தது எனக்குத் தனி நிறைவைத் தந்தது. அந்த உறவு பழங்காலத்தோடு முடிந்துவிடவும் இல்லை. நம் எல்லையை ஒட்டிய கர்நாடகத்தில், மாண்டியாவில் பணியாற்றிய லட்சுமணய்யா என்ற பயிர் விஞ்ஞானி, இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் ஒட்டுச் சேர்த்து உருவாக்கிய ரகங்களுக்குத்தான் இண்டாஃப் என்று பெயர். இரு நிலங்களின் பெயரும் அதில் சேர்ந்திருக்கிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து விவசாயிகளுக்கு அந்தப் பெயர் புதிதன்று. வழிகாட்டி வழியாக இதைப் பாட்டியிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பின்னர், அவருடைய இளமையில் மலையின் கீழ்ப்பகுதியில் வாய்க்கால் நீர் பாய்ச்சி உலேசி விதைத்ததாகவும், இப்போது அந்நிலங்களில் மக்காச்சோளமே மிகுதி என்பதால் சந்தையில் விலைக்கு வாங்குவதாகவும் கூறினார். மாந்தோப்பும் தக்காளியும் பூவும் வந்த பிறகு நம் மாவட்டத்து ராகிக் காடுகளுக்கு நேர்ந்ததும் அதுவே என்று அம்மா பதில் சொன்னார். இந்த உரையாடல் எந்தத் திட்ட அட்டவணையிலும் இல்லை.

இரண்டு இரவுத் திட்டத்தை யாரும் எடுக்க வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்று நாம் சொல்வோம். சுவாஹிலியில் ஒரு பழமொழி உண்டு: விருந்தாளிக்கு இரண்டு நாள், மூன்றாம் நாள் அவர் கையில் மண்வெட்டியைக் கொடு. தான்சானியாவின் முதல் குடியரசுத் தலைவரும், ஆசிரியர் என்ற பொருளில் ‘ம்வாலிமு’ என்று மக்களால் அழைக்கப்பட்டவருமான ஜூலியஸ் நைரேரே, எல்லோரும் உழைத்து எல்லோரும் உண்ணும் சமுதாயத்தைப் பற்றி 1962இல் எழுதியபோது இந்தப் பழமொழியை எடுத்துக்காட்டினார். கேட்பதற்குக் கண்டிப்பாகத் தோன்றினாலும், அந்த வீட்டில் நான் கண்டவரை, மூன்றாம் நாள் வரும் மண்வெட்டிதான் விருந்தோம்பலின் மிக உயர்ந்த படி. முதல் இரண்டு நாள்களில் எங்களைச் சமையற்கட்டுக்குள் நுழைய விடவில்லை, ஒரு தட்டைக் கழுவ விடவில்லை. நல்ல நாற்காலியும் நல்ல தட்டும் எங்களுக்கே வந்தன. அது உபசாரம். மூன்றாம் நாள் விடிந்ததும் பாட்டி அம்மாவின் கையில் அரிவாளையும் என் கையில் மண்வெட்டியையும் கொடுத்தார். அந்த நேரம் முதல் பேச்சின் தோரணையே மாறியது. வழிகாட்டி இல்லாமலே காரியங்கள் நடந்தன, பிழை செய்தால் கையைத் தட்டித் திருத்தினார்கள், சிரித்தார்கள், சாப்பாட்டு வேளையில் எங்களையும் அடுப்படியிலேயே உட்கார வைத்தார்கள். இரண்டு இரவில் திரும்புகிறவர் அந்த வாசலைக் காணாமலே வந்துவிடுவார்.

அன்று எங்கள் வேலை வாழைத்தண்டு நறுக்குவதும், காப்பிச் செடிகளுக்கு அடியில் களை எடுப்பதும், வாய்க்காலில் நீர்முறை வந்தபோது மடையைத் திறந்து தோட்டத்துக்குள் நீரைத் திருப்புவதும். அந்த வாய்க்கால்களை அவசியம் பார்க்க வேண்டும். மலையோடைகளிலிருந்து நீரைப் பிரித்து, சரிவின் வளைவுக்கு ஏற்ப மண்ணாலும் கல்லாலும் வெட்டிக் கொண்டுவந்த இந்த அமைப்பு ஐரோப்பியர் அங்கே காலடி வைப்பதற்கு நெடுங்காலம் முன்பே இருந்தது. வாய்க்காலுக்கென்று குழு உண்டு. யாருக்கு எப்போது நீர் என்பதையும், கரை உடைந்தால் யார் யார் வந்து சீர் செய்ய வேண்டும் என்பதையும் அது தீர்மானிக்கிறது. வேலைக்கு வராத வீட்டுக்குத் தண்டம் உண்டு. ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி என்ற ஊர்ப் பணியாளர் மடை திறக்கும் வழக்கத்தையும், மராமத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் போன வழக்கத்தையும் நினைவில் வைத்திருக்கும் அம்மாவுக்கு, அங்கே நடந்த எதையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

காப்பி அந்தச் சரிவின் பணப்பயிர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிறித்துவ மதபோதகர்கள் வழியாக வந்து, சிறு விவசாயிகளின் கையில் வளர்ந்தது. 1925இல் அந்த விவசாயிகள் சங்கம் அமைத்தார்கள். 1933இல் அது கிளிமஞ்சாரோ பழங்குடியினர் கூட்டுறவு ஒன்றியமாக உருப்பெற்றது. ஆப்பிரிக்காவின் மிகப் பழைய கூட்டுறவு அமைப்புகளுள் ஒன்றாகிய அது இன்றும் மோஷியில் இயங்குகிறது. செடியிலிருந்து குவளை வரையிலான வேலையைத் தங்குபவர்கள் தாமே செய்து பார்க்கும் வாய்ப்பு இந்தச் சேவையில் உண்டு, அது மிக நன்றாக அமைந்திருந்தது. சிவந்த பழங்களை மட்டும் பறித்து, கையால் சுழற்றும் சிறு பொறியில் தோலை நீக்கி, கழுவி, உலர்த்தி வைத்த கொட்டையை மர உரலில் போட்டு இடிக்கிறோம். உலக்கைக்கு ஏற்றபடி பெண்கள் பாடுகிறார்கள். பிறகு முறத்தில் புடைத்து, மேலுறை பறந்த பச்சைக் கொட்டையை மண்சட்டியில் கருகாமல் வறுத்து, மீண்டும் இடித்து, சலித்து, கொதிநீரில் போடுகிறார்கள். அம்மா முறத்தை வாங்கிப் புடைத்த விதத்தைக் கண்டு பாட்டு ஒரு நொடி நின்று, பின்னர் முன்னிலும் உரக்கத் தொடர்ந்தது. காப்பி விளைவிக்கும் அந்த வீட்டில் அன்றாடம் குடிப்பதோ தேநீர். விளைந்ததை விற்றுவிடுவதே அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது.

இனி முகவரைப் பற்றி. வீட்டாரின் விருந்தோம்பலுக்கும் முகவரின் ஏற்பாட்டுக்கும் இருந்த இடைவெளி எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. முழுத் தொகையையும் எங்களிடம் முன்பே பெற்றுக்கொண்ட அவர், நாங்கள் கிளம்பும் நாள் வரை வீட்டாருக்கு உரிய பங்கைக் கொடுத்திருக்கவில்லை. கோழியும் பாலும் விறகும் அவர்கள் கைக்காசில் வந்தவை. விருந்தினரிடம் இதைச் சொல்வது முறையன்று என்று பாட்டி வாய் திறக்கவில்லை. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பேரன், நான் வற்புறுத்திக் கேட்டபோது தயக்கத்தோடு சொன்னான். விருந்தோம்பல் என்ற பண்பை நம்பி வணிகம் செய்கிறவர் அந்தப் பண்பையே முதலீடாக எடுத்துக்கொள்வது நேர்மையன்று. தம்பி பலமுறை தொலைபேசியில் பேசிய பிறகு தொகை போய்ச் சேர்ந்ததை உறுதி செய்துகொண்டோம்.

அட்டவணையிலும் இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, ஊர்த் தொடக்கப் பள்ளிக்கு எங்களை அழைத்துப்போய், நடந்துகொண்டிருந்த பாடத்தை நிறுத்தி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பேனா கொடுக்கச் சொன்னது. நம் ஊர்ப் பள்ளியில் வெளிநாட்டவர் யாரேனும் அப்படி நுழைந்தால் நாம் பொறுத்துக்கொள்வோமா? இந்த நிகழ்வைத் தவிர்த்துவிடும்படி பதிவின்போதே சொல்லுங்கள். பள்ளிக்கு உதவ விரும்பினால் தலைமையாசிரியரிடம் தேவையைக் கேட்டு, ஊர்க்குழு வழியாகச் செய்யலாம். மற்றொன்று, அரிவாளும் மண்வெட்டியும் கைக்கு வந்த அந்த மூன்றாம் நாளின் பிற்பகலிலேயே, அருவி, பழைய குகை, நடன நிகழ்ச்சி என்று எங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனது. அருவி அழகானதுதான். ஆனால் நீர்முறை வந்து, தோட்டமெல்லாம் நனைந்துகொண்டிருக்கும் நேரத்தில் வேலையைப் பாதியில் விட்டுப் போனது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, எனக்கும் பிடிக்கவில்லை. பார்வையிடங்களை முதல் இரண்டு நாள்களில் வைத்துவிட்டு, பிறகு வரும் நாள்களைக் காலியாக விடச் சொல்வதே சரியான வழி.

வழிகாட்டியாக வந்த இளைஞர் அன்பானவர், ஆனால் அவருடைய ஆங்கிலத்தை நான் தமிழாக்கி அம்மாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. தான்சானியாவில் தொடக்கப் பள்ளி சுவாஹிலியிலும் உயர்நிலைப் பள்ளி ஆங்கிலத்திலும் நடப்பதால், மேல்வகுப்புப் பிள்ளைகள் உள்ள வீட்டைக் கேட்டுப் பெற்றால் வழிகாட்டி இல்லாத நேரத்திலும் பேச்சு தடைபடாது.

வீட்டாருக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். முகவருக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. எனவே ஊர்ப் பண்பாட்டுச் சுற்றுலாக் குழுவோடு நேரடியாகத் தொடர்புகொண்டு, வீட்டாரின் பங்கு எவ்வளவு, எப்போது கொடுக்கப்படும் என்பதை எழுத்தில் கேட்டுப் பெற்ற பிறகு பதிவு செய்யுங்கள். அங்கே கைப்பேசி வழிப் பணம் அனுப்புவது சிற்றூர்க் கடை வரை பரவியிருப்பதால், தொகை வீட்டாருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை அன்றே உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

நேரத்தைப் பேசும்போது கவனம் தேவை. சுவாஹிலி வழக்கில் பொழுதை விடியலிலிருந்து எண்ணுகிறார்கள். நம் கடிகாரத்தில் காலை ஏழு மணி அவர்களுக்கு முதல் மணி. வண்டி மூன்று மணிக்கு வரும் என்று வீட்டார் சொன்னால் அது காலை ஒன்பது மணியாக இருக்கலாம். வேலைக்கு ஏற்ற பருத்திப் புடவை அல்லது சுடிதாரும், சேற்றில் வழுக்காத செருப்பும், இரவுக்கு ஸ்வெட்டரும் போதும். பெண்கள் அங்கே கங்கா என்ற அச்சிட்ட பருத்தித் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு வேலை செய்கிறார்கள். எங்களுக்கும் ஆளுக்கொன்று கட்டிவிட்டார்கள். பரிசாக எதையாவது கொண்டுபோக விரும்பினால், பணமாகவோ பொம்மையாகவோ அன்றி, வீட்டுக்கு வேண்டிய சர்க்கரை, தேயிலை, சோப்பு ஆகியவற்றை மோஷிச் சந்தையில் வாங்கிப் பாட்டியின் கையில் கொடுப்பது முறை. படம் எடுக்கும் முன் ஒப்புதல் கேட்க வேண்டும், குழந்தைகளைப் படம் எடுக்கப் பெற்றோரிடமும் கேட்க வேண்டும்.

மார்ச் முதல் மே வரை பெருமழைக் காலம், அப்போது சரிவுப் பாதைகள் சேறாகிவிடும். காப்பிப் பழம் பறிக்க வேண்டுமானால் ஜூலைக்குப் பிறகு போகலாம். மலேரியாத் தடுப்புக்கு மருத்துவரின் அறிவுரைப்படி மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும். கென்யா அல்லது எத்தியோப்பியா வழியாகப் பயணம் அமைந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று தேவைப்படக்கூடும். அந்த ஊசியைப் பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள்களுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும், எல்லா மருத்துவமனையிலும் அது கிடைக்காது. சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையம் போன்ற அங்கீகாரம் பெற்ற மையங்களில் மட்டுமே போடுகிறார்கள் என்பதால், விமானச் சீட்டு எடுத்த கையோடு அதற்கும் நாள் குறித்துக்கொள்ளுங்கள். அறுபது வயதைக் கடந்தவர்கள் ஊசிக்கு முன் மருத்துவரைக் கலந்து பேச வேண்டும்; அம்மாவுக்காக நாங்கள் முதலில் செய்தது அதைத்தான்.